தெரியுதா மக்கா?

ஓட்டுக் கூரையின் மேல் ஒரு ஆள். முற்றத்தில் ஒரு ஆள். நடையில் ஒரு ஆள். டி.வி.க்கு முன்னால் முப்பது நாற்பது பேர். கூரையில் நிற்பவர் இரும்புக் குழாயைப் பிடித்து ஆன்டெனாவை ஒரு விரற்கடை திருப்பிவிட்டு, "தெரியுதா?" என்று கேட்பார். முற்றத்துக்காரர் அந்தக் கேள்வியை வாங்கி நடைக்குக் கொடுப்பார், நடையிலிருந்து அது உள்ளே வரும். நாங்கள் மொத்தப் பேரும் சேர்ந்து, "தெரியல்ல!" அது வந்த வழியே கூரைக்குப் போகும். "இப்பம்?" "இல்ல!" "இப்பம் மக்கா?" "ஆங், வந்தாச்சு, வந்தாச்சு, கைய எடு!" கையை எடுத்ததும் படம் போய்விடும்.

இது 1994 ஜூலை. எனக்கு எட்டு வயது. உலகக் கோப்பை அமெரிக்காவில் நடந்ததால் ஆட்டமெல்லாம் நமக்கு ராத்திரியில்தான். பிரேசிலும் இத்தாலியும் மோதிய இறுதி ஆட்டம் தொடங்கியபோது இங்கே மணி ஒன்று. 120 நிமிடம் ஓடியும் கோல் விழவில்லை. கடைசியில் ராபர்டோ பாஜியோ பெனால்டியைக் கம்பத்துக்கு மேலே அடித்துவிட்டுத் தலை குனிந்து நின்றார். அந்தப் பந்து மேலே போனதை நான் பார்க்கவில்லை. திரை முழுக்கப் புள்ளிகள். வர்ணனையாளரின் சத்தம் மாறியதும், முன்னால் இருந்த மாமா ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து குதித்ததும்தான் எனக்குத் தெரிந்த கோப்பை. படம் திரும்ப வந்தபோது பாஜியோ குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடைசி. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை. கடலையொட்டி ஒன்றையொன்று தோளில் இடித்துக்கொண்டு நிற்கும் எட்டு ஊர்கள். அதில் ஒன்று என்னுடையது. நாஞ்சில் நாடு என்று பழைய கணக்கில் சொல்வது கிழக்கே தோவாளையும் அகஸ்தீஸ்வரமும்தான். இப்போது நான் குடியிருப்பது அங்கே, நாகர்கோவிலில். அங்கே வயலும் கிரிக்கெட்டும். எங்கள் பக்கம் கடலும் ஃபுட்பாலும். மணல் கண்ட இடத்தில் இரண்டு செருப்பைப் போட்டுக் கோல்போஸ்ட் ஆக்கிவிடுவோம்.

அன்றைக்கு எங்கள் ஆன்டெனாவுக்கு இரண்டு திசை. வடமேற்கே திருப்பினால் திருவனந்தபுரம் தூர்தர்ஷன். பூஸ்டர் வைத்துக் கிழக்கே திருப்பினால், காற்று நன்றாக இருக்கும் நாளில், இலங்கையின் ரூபவாகினி. கம்பத்தைத் திருப்பத் தெரிந்தவன் ஊரில் பெரிய ஆள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகக் கோப்பை பெரும்பாலும் ஜூன், ஜூலையில் வரும். அது எங்களுக்குக் கடல் இரையும் காலம். இப்போது குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அதுதான். எட்டு ஊரின் ஆண்கள் சுறாவும் சூரையும் தேடி ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். ஒரு தடவை போனால் மாதக்கணக்கு ஆகும். அவர்கள் ஒட்டுமொத்தமாக வீட்டில் இருக்கும் இரண்டு மாதத்தில் உலகக் கோப்பையும் வந்து சேரும். அப்பாவோடு உட்கார்ந்து நான் பார்த்த ஆட்டங்கள் எல்லாமே அப்படி அமைந்தவைதான். டி.வி.யில் சேனல் வருகிறதா என்பது எங்கள் வீட்டுக்கு எதற்கு அவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்டால், அதற்குப் பதில் இது.

2002-ல் ஆன்டெனா போய்க் கேபிள் வந்திருந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து நான் பதினொன்றில் சேர்ந்த நேரம். கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கோப்பை. முதன்முறையாக ஆட்டங்கள் நமக்குப் பகலில்: பன்னிரண்டு மணி, இரண்டரை, ஐந்து. தூக்கம் கெடாது, கரண்ட் இருந்தால் போதும் என்று குதித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த வருடம் ஏப்ரலில் புதிதாகத் தொடங்கிய டென் ஸ்போர்ட்ஸ் என்ற சேனல் ஒளிபரப்பு உரிமையை வாங்கியிருக்கிறது என்பது. எங்கள் கேபிளில் அந்தச் சேனல் இல்லை.

மே 31. தொடக்க ஆட்டத்திலேயே உலக சாம்பியன் பிரான்சை செனகல் 1-0 என்று சாய்த்தது. அந்தச் செய்தியை நாங்கள் மறுநாள் பேப்பரில் படித்தோம். பதினைந்து பேர் சைக்கிளில் கேபிள்கார அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

"அண்ணே, டென் ஸ்போர்ட்ஸ் எப்பம் வரும்?"

"லேய் மக்கா, அவன் கேக்குத பைசாவக் குடுத்தா எனக்கு என்ன மிஞ்சும்? ஒங்க வீட்டுல மாசம் கூட இருவது ரூவா தருவாங்களா? கேட்டுட்டு வா."

கேட்டோம். வீடு வீடாகப் போய்க் கேட்டோம். கடல் இரையும் மாதத்தில் எங்கள் ஊரில் யார் கையிலும் காசு இருக்காது. ஆனாலும் முக்கால்வாசி வீடுகள் சம்மதித்தன. அண்ணன் டவுனில் பேசுகிறேன் என்றார். ஒரு வாரம் போயிற்று. "இன்னும் பேச்சு முடியல்ல" என்றார். இன்னொரு வாரமும் போயிற்று. முதல் சுற்று முடிந்து அடுத்த சுற்றும் முடிந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

காலிறுதி நாளன்று பொறுக்க முடியாமல் நீரோடியைத் தாண்டிப் பொழியூருக்குப் போனோம். 1956 நவம்பர் 1-ல் எங்கள் பக்கம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது போட்ட எல்லைக்கோட்டின் அந்தப் புறம் இருக்கிற கேரளக் கடற்கரை ஊர் அது. மாநிலங்கள் மோதும் ஃபுட்பால் போட்டியான சந்தோஷ் கோப்பைக்கு ஆட்டக்காரர்களை அனுப்பி அனுப்பிப் பேர் வாங்கிய ஊரும்கூட. அங்கே ஒரு வீட்டின் சன்னலுக்கு வெளியே நின்று இங்கிலாந்து–பிரேசில் ஆட்டத்தைப் பார்த்தோம். ரொனால்டினோ தூரத்திலிருந்து அடித்த ஃப்ரீகிக் கோல்கீப்பர் சீமனின் தலைக்கு மேலாகப் போய் இறங்கியபோது நாங்கள் போட்ட கூச்சலில் அந்த வீட்டு அம்மச்சி வெளியே வந்து பார்த்து, பிறகு வெளியே நின்ற எங்களுக்குக் கஞ்சித்தண்ணி கொடுத்தார். இறுதி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் கேபிளிலும் டென் ஸ்போர்ட்ஸ் வந்தது. ஜூன் 30, மாலை நாலரை மணி. ரொனால்டோ இரண்டு கோல். அப்பா என் பக்கத்தில் இருந்தார். ஒரு மாதத் திருவிழாவில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்தது கடைசி இரண்டு நாள்தான்.

அந்த அண்ணன்மேல் அன்றைக்குக் கடுங்கோபம். பிற்பாடுதான் அவர் நிலைமையும் புரிந்தது. சேனல்காரர்கள் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று விலை வைப்பார்கள். நடுவில் இருக்கும் பெரிய கேபிள் நிறுவனம், எனக்குக் கீழே இத்தனை வீடுதான் என்று குறைத்துச் சொல்லும். சேனல்காரர் நம்பமாட்டார். அந்தக் காலத்துக் கேபிளில் செட்-டாப் பெட்டி கிடையாது, எத்தனை வீடு என்று எண்ண யாராலும் முடியாது. அதனால் ஒவ்வொரு புதுச் சேனலுக்கும் ஒரு பேரம். பேரம் இழுக்க இழுக்க, ஆட்டம் முடிந்துகொண்டே வரும். அந்தப் பேச்சில் மூன்று தரப்பு உண்டு: சேனல், நடுவில் நிறுவனம், கடைசியில் தெருவில் கம்பி இழுக்கும் அண்ணன். மாசம் தவறாமல் காசு கொடுக்கிற வீட்டுக்கு மட்டும் அங்கே ஒரு நாற்காலி போட்டதில்லை.

பிறகு பெட்டி வந்தது, எண்ணிக்கை தெளிவானது. 2019 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் புதிய கட்டண முறையைக் கொண்டுவந்தது. முதல் 100 சேனலுக்கு 130 ரூபாயும் வரியும், அதற்கு மேல் வேண்டிய சேனலை நாமே விலை பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். நல்ல முறைதான். கேட்கிற சேனலைக் கேட்கிற வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் வந்தது. ஆனால் எங்கள் தெருக்களில் யாரையும் உட்கார வைத்து அந்தப் பட்டியலை யாரும் விளக்கவில்லை. "இந்த பேக் எடுங்க, எல்லாம் வரும்" என்பதோடு முடிந்தது. அந்த எல்லாவற்றிலும் ஃபுட்பால் பெரும்பாலும் இருக்காது.

இங்கே மைக்கேல் சூசைராஜைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. இரவிபுத்தன்துறைக்காரர். எங்கள் எட்டு ஊரில் ஒன்றின் மணலில் ஓடிப் பழகிய கால். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர் என்று போய், 2019-ல் இந்திய அணியின் சட்டையையும் போட்டார். 2019-20 சீசனில் அவரும் அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்து இருந்தார்கள். ஒரே கடற்கரை ஊரிலிருந்து இந்தியன் சூப்பர் லீக் என்ற ஐ.எஸ்.எல்.-இன் ஒரே அணிக்கு இரண்டு பேர்.

அந்த சீசனின் இறுதி ஆட்டம் 2020 மார்ச் 14, கோவா மட்காவ். எதிரணி சென்னையின் எஃப்.சி. கொரோனா பயத்தில் மைதானத்துக்குள் பார்வையாளர் ஒருவரையும் விடவில்லை. டி.வி. ஒன்றுதான் வழி. நாகர்கோவிலில் என் வீட்டுப் பெட்டியில் அந்தச் சேனலைப் போட்டால், சந்தாவில் இல்லை என்று ஒரு வரி வந்து நின்றது. கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டேன். "இன்னைக்குச் சொன்னா நாளைக்கித்தான் சார் வரும்" என்றார்கள். பைக்கை எடுத்துக்கொண்டு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி ஊருக்கே போய்விட்டேன்.

ஊர் மன்றத்தில் நிற்க இடமில்லை. யாரோ முன்கூட்டியே சொல்லிச் சேனலைப் போட்டு வைத்திருந்தார்கள். தமிழ்நாட்டு அணி ஒரு பக்கம் ஆடுகிறது, எங்கள் ஊர்ப்பக்கம் மொத்தமும் கொல்கத்தாவுக்குக் கைதட்டுகிறது. இடது ஓரத்தில் சூசைராஜ் பந்தை எடுத்து ஓடும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு பாட்டி, "பிள்ள ஓடுதான், பிள்ள ஓடுதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். 3-1. கோப்பை ஏ.டி.கே.க்கு. பார்க்க ஆளில்லாத மைதானத்தில் அவர்கள் கோப்பையைத் தூக்கினார்கள், இங்கே கடற்கரையில் வெடி வெடித்தது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20, பாம்போலிம், கேரளா பிளாஸ்டர்சுக்கு எதிராக. இந்தத் தடவை முந்திக்கொண்டு சேனலைச் சேர்த்துவிட்டேன். அம்மையும் நானும் உட்கார்ந்தோம். ஆட்டம் தொடங்கிக் கால் மணி நேரம்கூட இருக்காது, சூசைராஜ் முட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வெளியே போனவர் அந்த சீசன் முழுக்க ஆடவில்லை. அம்மை அதற்குப் பிறகு ஆட்டத்தைப் பார்க்கவில்லை, திரும்பி உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்துக்கொண்டார். வலித்த காட்சிதான். ஆனாலும் நாங்கள் அதைக் கண்டோம். பிள்ளை விழுந்ததை மறுநாள் பேப்பரில் படிக்கிறதற்கும், விழுந்த நொடியில் ஒரு ஊர் முழுக்க 'ஐயோ' என்று எழுந்து நிற்பதற்கும் வித்தியாசம் உண்டு.

சரி, இதற்கெல்லாம் சட்டம் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. 2007-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நாட்டுக்கு முக்கியமானவை என்று அரசு அறிவிக்கும் விளையாட்டுகளைத் தனியார் சேனல் யாராவது நேரலை செய்தால், விளம்பரம் நீக்கிய அந்தப் படத்தைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்கும் கொடுக்க வேண்டும். வருகிற விளம்பர வருமானத்தில் 75 பங்கு உரிமைக்காரருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. ஒலிம்பிக்ஸ், ஆசிய விளையாட்டு, இந்திய கிரிக்கெட் அணி ஆடும் ஒருநாள் ஆட்டங்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சந்தோஷ் கோப்பையின் அரையிறுதியும் இறுதியும்கூட உண்டு. படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. காசில்லாத வீட்டுக்கும் ஆட்டம் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்து ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஆனால் 2017 ஆகஸ்ட் 22-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் எல்லையைச் சொன்னது. தூர்தர்ஷனுக்குக் கிடைக்கும் அந்தப் படம் அதன் சொந்தக் கோபுரம் வழியாகவும் சொந்த டிஷ் வழியாகவும் மட்டுமே போகலாம், தனியார் கேபிள் வழியாகப் போகக்கூடாது. கேபிளில் தூர்தர்ஷனும் இலவசமாக அதே ஆட்டத்தைக் காட்டினால் காசு கொடுத்து உரிமை வாங்கியவர் நஷ்டப்படுகிறார் என்ற வாதம் நியாயமானதுதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த ஆட்டம் தூர்தர்ஷனில் வரும். உங்கள் வீட்டுக் கேபிளில் அதே தூர்தர்ஷனைப் போட்டால் வேறு ஏதோ ஓடும். கோபுரம் வழியாகப் பார்க்கலாம் என்றால், பழைய அனலாக் கோபுரங்களைப் பெரும்பாலும் 2022-க்குள் மூடியாயிற்று. மிஞ்சியது டி.டி. ஃப்ரீ டிஷ். மாதக் கட்டணம் இல்லாத நல்ல வசதி அது. ஆனால் தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவு என்பதால் எங்கள் பக்கம் அந்தத் தட்டைக் கூரையில் காண்பது அபூர்வம். ஏழை வீட்டுக்கென்று திறந்த கதவு, எங்கள் தெருவில் எந்த வீட்டுக்கும் பொருந்தாமல் நிற்கிறது.

அந்தச் சட்டத்தில் எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. யாராவது ஒளிபரப்பினால்தான் அதைப் பகிரச் சொல்ல முடியும். 2024 டிசம்பர் 31, ஹைதராபாத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி: வங்காளம் 1, கேரளம் 0. தமிழ்நாடும் கடைசிச் சுற்றுவரை வந்திருந்த வருடம். ஒரு செல்போன் செயலியைத் தேடி இறக்கித்தான் நான் பார்த்தேன். கடலில் முப்பது வருடம் உழைத்த என் சித்தப்பாவுக்குச் செயலி இறக்கத் தெரியாது. டி.வி. ரிமோட் தெரியும். தமிழ்நாடு இதுவரை ஒரு தடவைகூட வெல்லாத கோப்பை அது. ஒரு நாள் வெல்லும். அன்றைக்கு அவர் எதில் பார்ப்பார்?

கோயம்புத்தூர்க் கதையும் அப்படித்தான். 2018-19 ஐ-லீகை வென்றது, கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாகக் கொண்ட சென்னை சிட்டி. 43 புள்ளி, ஈஸ்ட் பெங்காலை விட ஒன்றே ஒன்று அதிகம். 2019 மார்ச் 9-ல் சொந்த மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று இந்திய சாம்பியன் ஆன அந்த சீசனின் இரண்டாம் பாதியில், எல்லா ஆட்டமும் டி.வி.யில் வரவில்லை. கிளப்புகள் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தன. நமது பிள்ளைகளின் பெருமைமிக்க சீசனை நாம் பாதி பார்த்தோம், மீதியை விசாரித்துத் தெரிந்துகொண்டோம்.

2022 உலகக் கோப்பை கத்தாரில் நவம்பரில் வந்தது. வெயிலுக்குப் பயந்து மாதத்தை மாற்றினார்கள். அது எங்கள் ஆண்கள் கடலில் இருக்கும் காலம். இந்தியாவில் உரிமை, அந்த வருடம் ஏப்ரலில் தொடங்கிய ஸ்போர்ட்ஸ்18-க்கு. இருபது வருடம் கழித்து மறுபடியும் ஒரு புதுச் சேனல், மறுபடியும் "நம்ம பெட்டியில அது வருமா அண்ணே?" என்ற அதே கேள்வி. போதாக்குறைக்கு, தொடக்க ஆட்டத்துக்கு முந்தின நாள், நவம்பர் 19-ல், தமிழ்நாட்டின் பல இடங்களில் அரசு கேபிள் பெட்டிகள் தொழில்நுட்பக் கோளாறால் நின்றுபோனதாகச் செய்தி. போனில் இலவசமாகப் பார்க்க வழி இருந்தது, தமிழ் வர்ணனையோடு. அது பெரிய உதவி. ஆனால் போன் ஒருவர் கைக்கானது. நாற்பது பேர் சேர்ந்து பார்க்க அதில் இடம் இல்லை.

அதற்கு மூன்று மாதம் கழித்து நடந்தது கிரிக்கெட் ரசிகர்களுக்கு நினைவிருக்கும். 2023 பிப்ரவரி 18, புதிய விலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாத கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், சோனி, ஜீ மூன்றும் சேனல்களை நிறுத்தின. கேபிள் கூட்டமைப்பின் கணக்கில் நாடு முழுக்க நாலரைக் கோடி வீடுகள். டெல்லியில் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை ஜடேஜா 42 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய காலைகளில் ஒன்று. மாதச் சந்தாவை முன்கூட்டியே கட்டியிருந்த எத்தனையோ வீடுகளில் அந்தச் சேனல் எண்ணில் கறுப்புத் திரை. சில நாளில் பேசி முடித்தார்கள், சேனல்கள் திரும்பின. அந்தக் காலைப் பொழுது திரும்பவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டுக்கென்றே தனிச் சேனல்கள் உண்டு. ஸ்டான்ஃபோர்டு, யு.சி.எல்.ஏ. போன்ற 12 பல்கலைக்கழகங்கள் சேர்ந்த பேக்-12 என்ற அமைப்பு, 2012 ஆகஸ்டில் சொந்தமாக ஒரு சேனல் தொடங்கியது. அங்கே பெரிய டிஷ் நிறுவனமான டைரக்ட்வி அதை எடுக்கவில்லை. விலையில் உடன்பாடு வரவில்லை. அடுத்த வருடம் வரும், அடுத்த சீசன் வரும் என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடம். கடைசிவரை வரவேயில்லை. வேறு லீக்கில் டி.வி. பணம் அதிகம் என்று பல்கலைக்கழகங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 12 இருந்த இடத்தில் 2 மிஞ்சியது. 2024 ஜூன் முடிவில் சேனலை மூடினார்கள். வீட்டுக்குள் போய்ச் சேராத விளையாட்டு மெல்ல மெல்ல ஆளையும் பணத்தையும் இழக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். நம் ஐ.எஸ்.எல். 2025 ஜூலையில் நிறுத்தி வைக்கப்பட்டதும், அந்த நவம்பரில் அதன் வணிக உரிமைக்கான டெண்டருக்கு ஒருவரும் விண்ணப்பிக்காததும் எனக்கு அதே பாடத்தின் அடுத்த பக்கமாகவே படுகிறது.

அந்த அமெரிக்க ரசிகர்களை நினைக்கும்போது எனக்குத் தூத்தூர் புனித யூதா கல்லூரிதான் ஞாபகம் வரும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் கல்லூரி. எட்டு ஊர்ப் பிள்ளைகளும் புத்தகத்தோடு பூட்ஸையும் எடுத்துக்கொண்டு போகிற இடம். கல்லூரிகளுக்கிடையே ஆட்டம் என்றால், மைதானத்தைச் சுற்றி மீன் விற்றுவிட்டு வந்த கூடையோடு பெண்கள் நிற்பார்கள். அந்த ஆட்டத்துக்கு எந்தச் சேனலும் வராது, வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. ஆனால் அங்கிருந்து ஒரு பையன் கிளம்பி மாநில அணிக்கோ இந்திய அணிக்கோ போய்விட்டால், அவன் ஆடுவதை அந்தக் கூடைக்காரப் பெண்கள் பார்க்க முடிய வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

கேட்பதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். சந்தோஷ் கோப்பையின் அரையிறுதியையும் இறுதியையும் பிரசார் பாரதி தானே நேரலை செய்யட்டும். சட்டத்தின் பட்டியலில் இடம்பிடித்த ஒரு போட்டிக்கு வேறு யாராவது ஒளிபரப்பும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு ஆடும் நாளில் டி.டி. தமிழில் போடட்டும், தமிழ் வர்ணனையோடு. அவர்களே தயாரிக்கும் படம் கேபிளில் வருவதற்கு எந்தத் தடையும் கிடையாது. இரண்டாவது, ஒரு பெரிய போட்டி தொடங்கிய பிறகு, அது முடியும்வரை யாரும் யாருக்கும் சேனலை நிறுத்தக் கூடாது என்று டிராய் ஒரு விதி போடட்டும். பேரம் பேச வருடத்தில் மீதி நாள் இருக்கிறது. மூன்றாவது நமக்கு. உங்கள் பெட்டிக்கு ஒற்றைச் சேனலைத் தனியாக வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பெரிய பேக் எடுத்தால்தான் வரும் என்று யாராவது சொன்னால், இல்லை என்று சொல்லுங்கள். ஊரில் பட்டியல் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நீங்கள் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள். போட்டிக்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள். இறுதி ஆட்டத்தன்று போன் போட்டு நான் ஏமாந்ததுபோல் நீங்களும் ஏமாற வேண்டாம்.

2026 உலகக் கோப்பைக்குக் குறித்த தேதி ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை. எங்கள் தடைக்காலத்துக்குள்ளேயே விழுகிறது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ என்பதால் 1994-ஐப் போலவே பெரும்பாலும் ராத்திரி ஆட்டங்கள். அப்பா இப்போது இல்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் உள்ளூர்ப் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. இரண்டு பையன்கள் தென்னை மரத்தில் ஒரு போனைக் கட்டி நேரலை விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மரத்தில் ஏறிப் போனின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புகிறான். கீழே நிற்கிறவன் காதில் இன்னொரு போன். அந்தப் பக்கம் அவன் அண்ணன், கொச்சித் துறைமுகத்தில் போட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டு இருக்கிறானாம். இன்னும் இரண்டு மணி நேரத்தில் கடலுக்குக் கிளம்பிவிட்டால், நாற்பது நாளைக்கு சிக்னல் கிடையாது.

"அண்ணே, தெரியுதா?" என்று கேட்டான். மேலே பார்த்து, "கொஞ்சம் எடது பக்கம் திருப்புல" என்றான். மறுபடியும் போனில், "இப்பம்? கார்னர் கொடி தெரியுதா?"

பதில் வரும்வரை நானும் அவன் பக்கத்தில் நின்றேன்.